லிஃப்தா வீடுகளின் கூரையில் ஏன் ஓட்டை இருக்கிறது?

டெல் அவீவிலிருந்து ஜெருசலேமுக்கு பஸ்ஸில் ஏறும்போது, நகரம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இடது பக்கப் பள்ளத்தில் ஆளில்லாத கல்வீடுகளைப் பார்த்ததாகவும், வழிகாட்டி 'அது ஒரு பழைய கிராமம்' என்பதோடு நிறுத்திக்கொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே இருந்தவர்கள் யார், எங்கே போனார்கள், பல வீடுகளின் கூரை நடுவில் மட்டும் ஏன் உடைந்திருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் பார்த்தது லிஃப்தா என்ற பாலஸ்தீன ஊர். 1947 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1948 பிப்ரவரி தொடக்கத்துக்குள் அது ஏறக்குறையக் காலியாகிவிட்டது. இஸ்ரேல் என்ற நாடு அறிவிக்கப்பட்டது 1948 மே 14-இல். அதற்கு மூன்று மாதம் முன்பே இது நடந்து முடிந்துவிட்டது. பலரும் 'போர் வந்தது, ஓடிப்போனார்கள்' என்று இந்த இடத்திலேயே கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. ஊர் காலியாக எடுத்துக்கொண்டது இரண்டு மாதம்கூட இல்லை. அதைக் காலியாகவே வைத்திருக்க எழுபது வருடத்துக்கும் மேலாகச் சட்டமும் நிர்வாகமும் உழைத்திருக்கின்றன. கூரை ஓட்டைகள் அந்த இரண்டாவது கதையைச் சேர்ந்தவை. சரி, முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம்.

அங்கே ஊர் உண்டானதற்குக் காரணமே ஒரு ஊற்று. பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீர் ஒரு கல்குளத்தில் தேங்கி, அங்கிருந்து கீழே உள்ள அடுக்கு வயல்களுக்குப் பாயும். விவிலியத்தில் யோசுவாவின் புத்தகம் 15-ஆம் அதிகாரத்தில், யூதா கோத்திரத்தின் எல்லையைச் சொல்லும்போது நெப்தோவாவின் நீரூற்று என்று ஒன்று வருகிறது. அது இந்த ஊற்றுதான் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. (புனிதப் பயணம் போகும் பஸ்ஸில் எத்தனை பேர் கையில் பைபிள் இருக்கும்! அந்த ஒரு வசனத்தையாவது வழிகாட்டி சொல்லியிருக்கலாம்.) ஊரின் நடுவே சிலுவைப்போர் காலத்து முற்றம் வைத்த கட்டடம் ஒன்றின் மிச்சம் இருக்கிறது. 1596-ஆம் ஆண்டின் ஓட்டோமான் வரிப் பதிவேட்டில் லிஃப்தாவின் மக்கள் தொகை 396 என்று கணக்காகிறது. கோதுமை, பார்லி, ஒலிவ், திராட்சை என்று வரி கட்டியிருக்கிறார்கள். 1863-இல் வந்த விக்தோர் கெரான் என்ற பிரெஞ்சுப் பயணி, ஊரைச் சுற்றி எலுமிச்சை, ஆரஞ்சு, அத்தி, மாதுளை, பாதாம், ஆப்ரிகாட் தோட்டங்கள் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார்.

வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் ஓட்டை புரியும். பழைய லிஃப்தா வீட்டின் சுவர் கிட்டத்தட்ட ஒரு கை நீளத்துக்குத் தடிப்பானது. வெளிப்பக்கமும் உள்பக்கமும் செதுக்கிய சுண்ணாம்புக் கல், நடுவில் உடைகல்லும் மண்ணும் சுண்ணாம்பும் போட்ட நிரப்பு. இந்தப் பக்கத்து மலைகளில் உத்தரத்துக்கு ஏற்ற பெரிய மரம் கிடைப்பது அரிது. அதனால் மேற்கூரையையும் கல்லாலேயே வளைத்தார்கள். அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் வளைவுகள் எழும்பி நடுவில் சந்திக்கும். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டுதான் அவை நிற்கின்றன. அந்த வளைவுக்கு மேலே மண்ணும் கல்லும் நிரப்பி, தளத்தைத் தட்டிக் கெட்டியாக்கிச் சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். மழைத் தண்ணீர் அந்தத் தளத்திலிருந்து வழிந்து போய்விட வேண்டும், உள்ளே இறங்கக் கூடாது. கீழ்த்தளம் ஆடு மாடுகளுக்கும் தானியத்துக்கும், மேல்தளம் மனிதர்களுக்கு. சரிவில் கட்டியதால் ஒரு வீட்டுக் கூரைக்கு நேராகவே அடுத்த வீட்டு வாசல் இருக்கும். பிரிட்டிஷ் காலத்தில் கட்டிய வீடுகளில் இரும்பு உத்தரம் வந்துவிட்டது. மூன்று மாடி வீடுகளும் உண்டு, காசு வந்ததன் அடையாளம்.

காசு எப்படி வந்தது? ஊர் ஜெருசலேமின் மேற்கு வாசலில் இருந்ததுதான் காரணம். 1922 கணக்கெடுப்பில் 1,451 பேர். 1931-இல் 1,893 பேர், 410 வீடுகள். 1945-இல் 2,550 பேர். ஊரின் நிலம் 8,700 துனாமுக்கு மேல், நம் கணக்கில் ஏறத்தாழ 2,160 ஏக்கர். பள்ளத்தாக்கில் தெரியும் வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு லிஃப்தா சின்ன ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைய மேற்கு ஜெருசலேமின் ரொமேமா, கிவாத் ஷவுல் பகுதிகள், பாராளுமன்றக் கட்டடம் இருக்கும் பக்கத்தில் இருந்த ஷேக் பத்ர், கிழக்கே ஃப்ரெஞ்ச் ஹில் பக்கம் வரை லிஃப்தாக்காரர்களுக்கு நிலம் இருந்தது. இதில் ஒரு பங்கை அவர்களே விற்றிருக்கிறார்கள். நகரம் வளர வளர ஊர்க்காரர்களும் பள்ளத்திலிருந்து மேலேறி, யாஃபா சாலை ஓரமாகப் புது வீடுகள் கட்டிக்கொண்டார்கள். இன்னொரு விஷயம், 1917 டிசம்பர் 9 அன்று ஜெருசலேம் மேயர் வெள்ளைக்கொடியோடு போய் பிரிட்டிஷ் படையிடம் நகரத்தை ஒப்படைக்க முயன்றதும் இந்த மேட்டில்தான். அதை நினைவுபடுத்தும் தூண் ரொமேமாவில் நிற்கிறது.

ஆகவே லிஃப்தா ஒரு ஒதுங்கிய மலைக்கிராமம் என்ற படம் பாதிதான் சரி. காய்கறியும் பழமும் நகரச் சந்தைக்குப் போயின. லிஃப்தாவையும் பக்கத்து ஊரான டெய்ர் யாசீனையும் நகரத்தோடு இணைக்கும் பஸ் ஓடியது. மசூதி, ஷேக் பத்ர் தர்கா, கடைகள், இரண்டு காபிக்கடை, ஒரு மன்றம், ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், 1945-இல் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்று. கல்யாண உடையில் லிஃப்தாவுக்குப் பெரிய பெயர். கபானி என்ற துணி சிரியாவின் அலெப்போவிலிருந்து வரும். பருத்தித் துணி முழுக்கப் பொன்னிறப் பட்டு நூலில் பூவேலை செய்தது. அதை வாங்கி, கைகளிலும் பக்கங்களிலும் மார்பிலும் பட்டுத் துண்டுகள் வைத்துத் தைத்த மணப்பெண் அங்கியை மற்ற ஊர்ப் பெண்களும் விரும்பினார்கள். பாலஸ்தீன உடைகளைச் சேகரித்த அருங்காட்சியகங்களில் இன்றும் இதைத் தனி வகையாகக் காட்டுகிறார்கள். அலெப்போவிலிருந்து துணி வரவழைத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிற ஊர் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி 1947. நவம்பர் 29-இல் ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனத்தைப் பிரிக்கத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானப்படி ஜெருசலேமும் சுற்றியுள்ள ஊர்களும் யாருக்கும் சொந்தமில்லாத சர்வதேச நிர்வாகப் பகுதி. லிஃப்தா அந்த எல்லைக்குள் வருகிறது. காகிதத்தில் அப்படி. தரையில் நிலைமை வேறு. ஜெருசலேமின் யூதர்களுக்குக் கடற்கரையிலிருந்து உணவும் ஆயுதமும் வரும் ஒரே பெரிய சாலை, லிஃப்தாவின் தலைக்கு மேலாகத்தான் போகிறது. அந்தச் சாலையில் யூத வாகன அணிகளை அரபுப் போராளிகள் தாக்கிக்கொண்டிருந்தார்கள். லிஃப்தாவுக்கும் ஆயுதம் தாங்கியவர்கள் வந்து போனார்கள். இந்தப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். சாலையைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும் என்றால் அதன் ஓரத்து அரபுக் குடியிருப்புகள் இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு யூதப் படைகள் சீக்கிரமே வந்துவிட்டன.

டிசம்பர் 28 அன்று, மேல் லிஃப்தாவில் ஆட்கள் உட்கார்ந்திருந்த காபிக்கடையின் மீது யூதத் தலைமறைவு ஆயுதக் குழு ஒன்று இயந்திரத் துப்பாக்கியாலும் கையெறி குண்டாலும் தாக்கியது. ஆறு பேர் இறந்தார்கள், ஏழு பேர் காயமடைந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊர்ப் பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் அதற்கடுத்த நாட்களில் கிளம்பிவிட்டார்கள். ஜனவரி முழுக்கத் துப்பாக்கிச் சூடு, ஊர் ஓரத்து வீடுகளுக்கு வெடி, பக்கத்து ரொமேமாவிலும் ஷேக் பத்ரிலும் மிரட்டல். காவலுக்கு நின்ற ஆண்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்கள். பிப்ரவரி தொடக்கத்தில், பிறகு இஸ்ரேலின் முதல் பிரதமரான யூதத் தலைவர் பென் குரியன் தன் கட்சிக் கூட்டத்தில், லிஃப்தா, ரொமேமா வழியாக ஜெருசலேமுக்குள் நுழைந்தால் இப்போது அரபிகளே இல்லை, நூற்றுக்கு நூறு யூதர்கள் என்று பேசினார். ரோமானியர் அழித்த காலத்துக்குப் பின் ஜெருசலேம் இவ்வளவு யூதத்தன்மையோடு இருந்ததில்லை என்றும் சொன்னார்.

இந்தத் தேதியை நன்றாகக் கவனியுங்கள். பாலஸ்தீன வெளியேற்றம் என்றதும் எல்லோரும் சொல்லும் டெய்ர் யாசீன் படுகொலை 1948 ஏப்ரல் 9-இல் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். லிஃப்தாவிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆனால் அந்தச் செய்தி கேட்டு லிஃப்தா ஓடவில்லை. அரபு நாடுகளின் படைகள் மே மாதம் உள்ளே வந்ததாலும் ஓடவில்லை. அதற்கெல்லாம் முன்பே ஊர் முடிந்துவிட்டது. 'அரபுத் தலைவர்கள் கிளம்பச் சொன்னார்கள், அதனால் போனார்கள்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்கள் இந்த ஊரின் காலண்டரை ஒரு முறை பார்த்தால் நல்லது.

போனவர்கள் ரொம்ப தூரம் போகவில்லை. கிழக்கு ஜெருசலேம், ரமல்லா, அல்பிரே, பிறகு ஜோர்டான். அடுத்த தலைமுறைகளில் அமெரிக்கா, குறிப்பாகச் சிகாகோ. 1949 ஏப்ரலில் ஜோர்டானோடு போர்நிறுத்தக் கோடு போட்டபோது லிஃப்தா கோட்டுக்கு மேற்கே மாட்டிக்கொண்டது. சொந்த வீட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டரும் ஒரு முள்வேலியும்.

1950-இல் இஸ்ரேல் 'இல்லாதவர் சொத்துச் சட்டம்' கொண்டுவந்தது. 1947 நவம்பர் 29-க்குப் பிறகு எப்போதாவது எதிரி நாட்டிலோ, பாலஸ்தீனத்தில் இஸ்ரேலின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதியிலோ இருந்தவர் 'இல்லாதவர்'. எதற்காகப் போனார் என்ற கேள்வியே கிடையாது. அவருடைய நிலமும் வீடும் அரசு நியமித்த பொறுப்பாளரிடம் போகும், அங்கிருந்து அரசின் நில நிர்வாகத்துக்கு. இந்தச் சட்டத்தின் வேடிக்கை 1967-இல்தான் முழுசாகத் தெரிந்தது. போரில் கிழக்கு ஜெருசலேமை இஸ்ரேல் பிடித்து நகராட்சியோடு சேர்த்துக்கொண்டது. அங்கே குடியிருந்த லிஃப்தாக்காரர்கள் அதே நகராட்சிக்கு வரி கட்டுகிறார்கள், பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் தங்கள் வீட்டு வாசலில் நிற்கலாம். ஆனாலும் அந்த வீட்டைப் பொறுத்தவரை அவர்கள் 'இல்லாதவர்'. 1970-இல் வந்த இன்னொரு சட்டம், 1948-க்கு முன் கிழக்கு ஜெருசலேமில் சொத்து வைத்திருந்த யூதர்கள் அதைத் திரும்பக் கேட்க வழி செய்தது. மேற்கில் சொத்து இழந்த பாலஸ்தீனர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை. 1973-இல் இழப்பீடு மட்டும் கேட்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. வாங்கினால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதைப் பொதுவான சொத்துச் சட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது கூரைக்கு வருவோம். ஊர் காலியானதும் அங்கே யாருமே குடியேறவில்லை என்று நினைக்க வேண்டாம். ஏமனிலிருந்தும் குர்திஸ்தானிலிருந்தும் வந்த யூதக் குடும்பங்கள் சுமார் 300 அங்கே தங்கவைக்கப்பட்டன. அவர்களும் ஏழைகள், அவர்களும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். மின்சாரம் இல்லை, வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை, பஸ்ஸுக்குச் செங்குத்தான சரிவில் ஏறிப் போக வேண்டும். 1970-களின் தொடக்கத்துக்குள் பெரும்பாலோர் வேறு குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் காலி செய்த வீடுகளில் மறுபடி யாரும் புகுந்துவிடக் கூடாது என்று அதிகாரிகள் கூரைகளின் நடுவில் துளை போட்டார்கள். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

வளைவுக் கூரையில் நடுக்கல்லை எடுத்துவிட்டால் உடனே எல்லாம் சரிந்துவிடாது, சுவர் அவ்வளவு கனம். ஆனால் ஒவ்வொரு குளிர்கால மழையும் அந்த வாய் வழியாக உள்ளே இறங்கும். வளைவுக்கு மேலிருக்கும் நிரப்பு ஊறும், சுண்ணாம்பு கரையும், ஒவ்வொரு கல்லாகக் கழன்று ஓட்டை பெரிதாகும். அப்புறம் அத்திமரம் வேர்விடும். குண்டு விழுந்த கூரை இப்படி இருக்காது. போரில் இடிந்தது எது, பிறகு துளைத்தது எது என்று பார்த்த மாத்திரத்தில் ஓரளவு பிரித்துவிடலாம்.

சாலைக்குப் பக்கமாக, ஊரின் மேல் ஓரத்தில் இருந்த சில யூதக் குடும்பங்கள் மட்டும் தங்கிவிட்டன. பல ஆண்டுகள் கழித்து அவர்களையும் ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி அரசு காலி செய்யப் பார்த்தது. அரசே கொண்டுவந்து வைத்தவர்கள்! கடைசியில் 2017-இல் ஒப்பந்தம் பேசி, ஈடு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

அந்தக் காலி செய்யும் அவசரத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு கட்டுமானத் திட்டம். 6036 என்ற எண்ணுள்ள அந்தத் திட்டம் 2000-களின் நடுவில் ஒப்புதல் பெற்றது. பழைய வீடுகளைப் புதுப்பித்து, இடைவெளிகளில் புதிதாகக் கட்டி, இருநூற்றுக்கும் மேற்பட்ட சொகுசு வீடுகள், ஒரு ஹோட்டல், கடைகள். மசூதியும் கல்லறையும் என்ன ஆகும், பழைய சொந்தக்காரர்கள் யார் என்பதெல்லாம் அதில் கவலையாகவே தெரியவில்லை. 2011 தொடக்கத்தில் நில நிர்வாகம் மனைகளுக்கு டெண்டர் விட்டது. லிஃப்தாக்காரர்களும் சில இஸ்ரேலிய மனித உரிமை, மரபுப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2012 பிப்ரவரியில் ஜெருசலேம் மாவட்ட நீதிமன்றம் அந்த டெண்டரை ரத்து செய்தது. சொத்துரிமையைத் தொட்டு வந்த தீர்ப்பு இல்லை இது. இடத்தை முறையாக ஆய்வு செய்யாமல் விற்கக் கூடாது என்பதுதான் அடிப்படை. ஆனால் அந்த ஆய்வு ஒரு நல்ல காரியம் செய்தது. இஸ்ரேலின் தொல்லியல் துறையே ஒவ்வொரு வீடாக அளந்து, வரைந்து, நூற்றாண்டுகளின் அடுக்குகளைப் பதிவு செய்தது. காலியான பாலஸ்தீன ஊர்களில் இந்த அளவுக்கு அளக்கப்பட்டது வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

2015-இல் இஸ்ரேலே லிஃப்தாவை, பாரம்பரிய மலைக்கிராமம் என்று குறிப்பிட்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. 2018-இல் உலக நினைவுச்சின்னங்கள் நிதியம் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் வைத்தது. இரண்டும் இருக்க, 2021 மே மாதம் நில நிர்வாகம் மறுபடி டெண்டர் அறிவித்தது, இந்த முறை 259 வீடுகள். நகராட்சியிடம்கூடக் கலந்து பேசவில்லை என்று ஜெருசலேம் மேயரே எதிர்த்தார். எதிர்ப்பு பலமாகி அதுவும் நின்றுபோனது.

பக்கத்து ஊர்களின் கதியைப் பார்த்தால் லிஃப்தா ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்று விளங்கும். 1948-இல் காலியான நானூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் பெரும்பாலானவை இடித்துத் தள்ளப்பட்டன. அதே மலைத்தொடரில் இருந்த கலூனியா ஏப்ரலில் தகர்க்கப்பட்டது. அல்கஸ்தல் இன்று போர் நினைவுப் பூங்கா. டெய்ர் யாசீனில் மிஞ்சிய வீடுகள் ஒரு மனநல மருத்துவமனையின் வளாகத்துக்குள் இருக்கின்றன. ஐன் கரீமின் வீடுகள் அழகாக நிற்கின்றன, உள்ளே வேறு ஆட்கள். திருமுழுக்கு யோவான் பிறந்த ஊர் என்று உங்கள் பயணத்தில் அங்கே கட்டாயம் கூட்டிப்போயிருப்பார்கள். அங்கிருந்தவர்கள் யார் என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இடிக்கவும் இல்லை, வேறு யாரும் நிலைத்துக் குடியேறவும் இல்லை என்ற நிலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளோடு நிற்பது லிஃப்தாதான். மரபுச் சின்னமாகக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களுக்குள்ளும் ஒரு சங்கடம் உண்டு. கல்லை மட்டும் காப்பாற்றினால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். கல் எங்களுடையது, எங்களைத் திரும்ப விடுங்கள், 1948 டிசம்பரில் வந்த ஐ.நா.வின் 194-ஆம் தீர்மானம் அதைத்தானே சொல்கிறது என்று லிஃப்தாக்காரர்கள் கேட்கிறார்கள். இதில் என் சாய்வு எந்தப் பக்கம் என்று இவ்வளவு நேரம் படித்த உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருக்கும்போது அவர் வீட்டை அருங்காட்சியகமாக ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை.

மறுபடி ஜெருசலேம் போகும் வாய்ப்பு வந்தால், மத்திய பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். இறக்கம் செங்குத்து, நல்ல செருப்பு வேண்டும். கீழே ஊற்றுக்குளத்தில் இளைஞர்கள் நீந்திக்கொண்டிருப்பார்கள், தீவிர மதப்பற்றுள்ள யூதர்கள் சடங்கு முழுக்குப் போட வருவார்கள், எதிரே ரயில் பாலம் தெரியும். வீடுகளுக்குள் மட்டும் நுழைய வேண்டாம், வளைவுகள் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. முடிந்தால் லிஃப்தாவைச் சேர்ந்தவர்களே அழைத்துப்போகும் நடைப்பயணங்கள் உண்டா என்று கிழக்கு ஜெருசலேமில் விசாரியுங்கள். எந்த வீடு எந்தக் குடும்பத்துடையது என்று அவர்களால் பெயர் சொல்லிக் காட்ட முடியும்.